போர்ட் லூயிக்கு இரண்டு நாள்: கடிகாரத்தைப் பார்த்துப் போடும் திட்டம்

என் சித்தப்பாவும் சித்தியும் கும்பகோணத்திலிருந்து மொரீஷியஸ் வந்திருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவர்களைப் போர்ட் லூயிக்கு அழைத்துப் போனேன். சந்தையில் கடைசிக் கடைக்காரர் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அருங்காட்சியகத்தில் பூட்டு. ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய 'ஆப்ரவாசி காட்' படித்துறை நினைவிடத்திலும் பூட்டு. தெருவில் எங்களைத் தவிர இரண்டு நாய்கள். சித்தப்பா கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "இதுதான் தலைநகரமாப்பா?" என்று கேட்டார். ஊர்மேல் குற்றமில்லை. நான் போன நேரம்தான் தப்பு.

போர்ட் லூயி அலுவலக நேரத்து ஊர். காலை எட்டு மணிக்குத் தீவின் பாதி ஜனம் இங்கே வந்து இறங்கிவிட்டதோ என்று தோன்றும். மாலை ஐந்துக்கு மேல் எல்லோரும் பஸ்ஸும் மெட்ரோவும் பிடித்துப் போய்விடுவார்கள், தெருக்கள் காலியாகிவிடும். கடற்கரை விடுதியில் ஒரு வாரம் இருந்துவிட்டு, மிச்சமிருக்கும் அரை நாளை இந்த நகருக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் திரும்புகிறார்கள். நான் ரோஸ் ஹில்லில் குடியிருக்கிறேன், வேலை போர்ட் லூயியில். விருந்தாளிகளை அழைத்துப்போய்ச் சொதப்பியும் சரிசெய்தும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று. இது துறைமுக நகரம். கடல் உண்டு, குளிக்க மணல் கிடையாது. நீச்சல் உடையை வேறொரு நாளைக்கு எடுத்து வையுங்கள்.

நாள் குறிப்பது

திங்களுக்கும் வெள்ளிக்கும் நடுவில் இரண்டு நாள் எடுங்கள். சனிக்கிழமை அரை நாள் தேறும். ஆப்ரவாசி காட் நண்பகலோடு மூடிவிடும், கடைகளும் பிற்பகலில் ஒவ்வொன்றாகக் கதவை இழுத்துவிடும். ஞாயிறு காலையில் சந்தை மட்டும் உண்டு.

அடுத்து விடுமுறைப் பட்டியலைப் பாருங்கள். இந்தத் தீவில் எல்லாச் சமயத்துக்கும் பங்கு உண்டு. தைப்பூசக் காவடி, சீனப் புத்தாண்டு, மகா சிவராத்திரி, உகாதி, ஈத், விநாயகர் சதுர்த்தி, தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாம் அரசு விடுமுறை. பிப்ரவரி 1 அடிமை முறை ஒழிந்த நாள், மார்ச் 12 சுதந்திர நாள், நவம்பர் 2 ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய நாள். இவற்றில் ஒன்று உங்கள் பயணத்தில் விழுந்தால் அன்று நகரில் பார்க்கப் பெரிதாக எதுவும் இருக்காது. தைப்பூசத்துக்காகவே வருகிறீர்கள் என்றால் அது வேறு கணக்கு: அன்று நகரத்தை மறந்துவிட்டுக் கோவிலில் இருங்கள்.

பருவத்தில் மே முதல் அக்டோபர் வரை எனக்குப் பிடித்தது. தென்கிழக்கிலிருந்து வீசும் காற்றை மலைகள் மறைத்துவிடுவதால் போர்ட் லூயி எப்போதும் மேட்டு ஊர்களைவிடச் சூடாகத்தான் இருக்கும். க்யூர்பீப்பில் ஸ்வெட்டர் போட்டுக் கிளம்புகிறவர்கள் இங்கே இறங்கியதும் அதைக் கழற்றிப் பைக்குள் திணிப்பார்கள். ஜனவரி, பிப்ரவரியில் நடு மதியம் நடந்து சுற்றுவது தண்டனை.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். புயல் எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை எண்ணில் வரும். மூன்று என்று அறிவித்துவிட்டால் பஸ் நிற்கும், கடைகள் மூடும், யாரும் வெளியே வரமாட்டார்கள். விருந்தாளிக்கும் அதே சட்டம்தான். அதைவிட எனக்கு பயம் திடீர் மழையைப் பற்றி. மலைச் சரிவில் விழும் தண்ணீர் முழுக்க நகருக்குள்தான் இறங்குகிறது. 2013 மார்ச் 30 அன்று பெய்த மழையில் போர்ட் லூயியில் 11 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது தெருக்களில் கார்கள் மிதந்தன. வானம் கறுத்து மழை கொட்ட ஆரம்பித்தால் சுரங்கப்பாதையிலோ கால்வாய் ஓரத்திலோ நிற்காதீர்கள். மாடியுள்ள ஒரு கட்டடத்துக்குள் போய்க் காத்திருங்கள்.

கிளம்புமுன் கையில் இருக்கவேண்டியவை

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இங்கே வந்திறங்கியதும் கட்டணமில்லாமல் விசா தருகிறார்கள். திரும்பும் டிக்கெட், தங்கும் முகவரி, செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம் மூன்றையும் அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். கைபேசியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வரிசையில் நின்று வைஃபை தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விமானம் ஏறுமுன் ஆன்லைனில் ஒரு பயணப் படிவம் நிரப்ப வேண்டும், அதையும் முடித்துவிடுங்கள். தூக்க மாத்திரை, பலமான வலி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவர் சீட்டில்லாமல் வரவேண்டாம். போதைப்பொருள் விஷயத்தில் இங்கே கெடுபிடி அதிகம்.

சித்தி ஒரு கட்டு கறிவேப்பிலையும் நான்கு மாங்காயும் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். விமான நிலையத்தில் எல்லாம் போயிற்று. செடி, விதை, பழம் எதையும் அனுமதி இல்லாமல் கொண்டுவரக் கூடாது. கறிவேப்பிலை இங்கேயே கிடைக்கிறது, அந்தக் கதை கீழே வரும்.

மின்செருகு பெரும்பாலும் பிரிட்டிஷ் மாதிரி மூன்று பட்டைக் கால், சில இடங்களில் ஐரோப்பிய இரட்டைக் கம்பி. இரண்டுக்கும் பொருந்துகிற ஒன்றை வாங்கி வாருங்கள். பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால் ஒரு துணிப்பை அவசியம். தொப்பி, தண்ணீர் பாட்டில், பழைய செருப்பு. பழைய செருப்பு என்று வேண்டுமென்றே சொல்கிறேன், நடைபாதைக் கற்கள் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் கிடக்கும்.

எங்கே தங்குவது, எப்படி வருவது

விமான நிலையம் தீவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது, போர்ட் லூயி வடமேற்கில். நடுவில் 45 கிலோமீட்டருக்கு மேல். காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை நகருக்குள் நுழையும் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். டாக்சியில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசி முடித்துவிடுங்கள். ஏறி உட்கார்ந்தபின் பேசுவது பேரம் ஆகாது. சாமான் குறைவு, பொறுமை அதிகம் என்றால் மாயேபூரிலிருந்து போர்ட் லூயி போகும் பஸ் விமான நிலையம் வழியாக வரும். நடத்துநரிடம் சில்லறையாகக் கொடுங்கள்.

நகருக்குள் தங்கலாமா? கோடான் துறைமுகப் பகுதியில் நல்ல விடுதி உண்டு, விலையும் அதற்கேற்ப. ஆனால் இரவில் ஊர் அடங்கிவிடும் என்பதால் அந்த விலைக்கு நீங்கள் வாங்குவது பெரும்பாலும் ஒரு ஜன்னல்தான். ரோஸ் ஹில்லிலோ காத்ர் போர்னிலோ அறை எடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அங்கே மாலையிலும் கடை இருக்கும், சாப்பாடு கிடைக்கும், காலையில் மெட்ரோ இருக்கிறது. 2020இல் ஓட ஆரம்பித்த மெட்ரோ இப்போது க்யூர்பீப் வரை போகிறது. ரோஸ் ஹில்லிலிருந்து விக்டோரியா நிலையத்துக்கு அரை மணிக்குள் வந்துவிடலாம். கிராண்ட் பே பக்கம் ஏற்கெனவே அறை போட்டாயிற்று என்றால் வடக்கிலிருந்து வரும் பஸ்கள் இமிகிரேஷன் ஸ்கொயரில் நிற்கும். வடக்குக்கு இமிகிரேஷன், தெற்குக்கு விக்டோரியா. இந்த இரண்டு பெயரையும் மாற்றிக்கொள்ளாமல் இருந்தால் பாதித் தொல்லை இல்லை.

வாடகைக் கார் எடுத்திருந்தாலும் இந்த இரண்டு நாளும் அதை விடுதியிலேயே விட்டுவிடுங்கள். நிறுத்த இடம் தேடியே காலைப்பொழுது போய்விடும். அப்புறம், மாலை ஏழுக்கு மேல் பஸ் குறைந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

முதல் நாள்: சந்தையிலிருந்து தபால்தலை வரை

எட்டு, எட்டரைக்குள் சந்தையில் இருங்கள். விக்டோரியா காலத்து இரும்பு வாசல் வழியாக உள்ளே போனால் காய்கறிக் கூடம். தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்த ஊர் வைத்திருக்கும் பெரிய வேடிக்கை இங்கேதான் இருக்கிறது. கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, காய்களுக்குத் தெரியும். கொத்தமல்லிக்கு இங்கே 'கோத்தோமிலி'. பீர்க்கங்காய் 'பிப்பங்காய்'. கறிவேப்பிலை 'கரிப்பூலே'. முருங்கைக்கீரை 'ப்ரெட் முரூம்'. ரசத்துக்கு 'ரஸோன்'. பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழியான கிரியோல் பேசும் சீனரும் முஸ்லிமும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் தினமும் இந்தச் சொற்களைத்தான் சொல்லி வாங்குகிறார்கள். என் மாமியார் இந்த ஊர்க்காரர், கோவிலில் தேவாரம் பாடுவார், வீட்டில் பேசுவது கிரியோல். 'கோத்தோமிலி' தமிழ்ச் சொல் என்று நான் சொன்னபோது, "இல்லையே, அது கிரியோல்" என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். இன்றுவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

தமிழர் இங்கே கரும்புக்கு வந்தவர்கள் மட்டும் அல்ல. அதற்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் வந்தார்கள். 1735இல் ஆளுநராக வந்த மாயே தெ லா பூர்தொனே இந்தத் துறைமுகத்தை நகராக்கியபோது கட்டட வேலைக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். நகரின் கிழக்குப் பக்கத்தில் அவர்கள் குடியிருந்த பகுதிக்கு 'மலபார் முகாம்' என்றே பெயர். பிரெஞ்சுக்காரர் வாயில் தமிழருக்கு 'மலபார்' என்றுதான் பெயர்.

சரி, பசி. காலைச் சாப்பாட்டை விடுதியில் முடித்துவிட்டு வராதீர்கள். தால் பூரி வாங்குங்கள். வேகவைத்து அரைத்த மஞ்சள் பட்டாணிப் பருப்பை உள்ளே வைத்துத் திரட்டிய மெல்லிய ரொட்டி அது. எண்ணெயில் பொரிப்பதில்லை, கல்லில் சுடுவது. அதற்குள் பெரிய மொச்சைக் கறி, தக்காளிக் குழம்பு, கொத்தமல்லிச் சட்னி, ஊறுகாய் எல்லாம் வைத்துச் சுருட்டிக் காகிதத்தில் தருவார்கள். இரண்டிரண்டாகத்தான் விற்பார்கள். ஒரு ஜோடி வேண்டுமென்றால் கிரியோலில் 'என் பேர்'. தமிழ்க் காதுக்கு நாம் நம்மை அறிமுகம் செய்துகொள்வதுபோல இருக்கும். காரம் வேண்டாம் என்றால் 'சான் பிமா' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் நமக்கில்லாத காரமா என்று இதைச் சொல்லாமல் விடுவார்கள், அப்புறம் தண்ணீர் தேடுவார்கள்.

கூடவே 'காத்தோ பிமா', நம்முடைய பருப்பு வடையின் குட்டித் தம்பி. வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்தும் தின்பார்கள். குடிக்க 'அலுடா': குளிர்ந்த பாலில் சப்ஜா விதையும் கடற்பாசித் துண்டும் போட்டது. விலை கேட்க 'கோமியே சா?', நன்றிக்கு 'மெர்சி', எதற்கும் முன்னால் 'போன்ஸூர்'. வணக்கம் சொல்லாமல் நேராக விலை கேட்டால் இங்கே மரியாதைக் குறைவு.

சந்தையிலும் பஸ் நிலையத்திலும் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். கைவினைப் பொருள் கடைகளில் முதல் விலை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வது.

பத்துக்கு மேல் வெயில் ஏறும். நிழல் பக்கம் போகலாம். பிளாஸ் தார்ம் என்ற அரச பனை வரிசைக்குக் கடல் பக்கத்தில் லா பூர்தொனே சிலை, மறுமுனையில் அரசு மாளிகையின் முன்னால் விக்டோரியா ராணி. பிரெஞ்சுக்காரர் உண்டாக்கிய ஊரை 1810இல் ஆங்கிலேயர் பிடித்த கதை அந்த ஒரே நடையில் முடிந்துவிடும். பக்கத்துத் தெருவில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். அழிந்துபோன டோடோ பறவையின் எலும்பைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள், பார்த்துவிட்டு, அடுத்திருக்கும் பழைய கம்பெனித் தோட்டத்து ஆலமரங்களின் கீழ் உட்காருங்கள். அடுத்த முறை அழைத்துப் போனபோது, விழுதுகளைப் பார்த்ததும் சித்தப்பா நன்றாகவே சமாதானமாகிவிட்டார்.

மதியம் கோடான் பக்கம் போங்கள். ப்ளூ பென்னி அருங்காட்சியகம் அங்கேதான். இங்கேயும் கடிகாரம் முக்கியம். 1847இல் மொரீஷியஸ் வெளியிட்ட 'போஸ்ட் ஆஃபீஸ்' தபால்தலைகள், ஆரஞ்சு நிறத்தில் ஒரு பென்னி, நீலத்தில் இரண்டு பென்ஸ். ஒவ்வொன்றிலும் 500 அச்சடித்தார்கள். இன்று உலகம் முழுக்கத் தேடினால் இரண்டும் சேர்த்து முப்பதுகூட இல்லை. 1993இல் மொரீஷியஸ் நிறுவனங்கள் பல ஒன்றுசேர்ந்து சுமார் 20 லட்சம் டாலருக்கு இந்த ஜோடியை ஏலத்தில் எடுத்து ஊருக்குக் கொண்டுவந்தன. வெளிச்சம் பட்டால் மை மங்கும் என்பதால் அசல் தலைகளுக்கு ஒவ்வொரு மணியிலும் அரை மணியை ஒட்டிப் பத்து நிமிடம் மட்டுமே விளக்குப் போடுவார்கள். மற்ற நேரம் நீங்கள் பார்ப்பது நகல். இரண்டே காலுக்கு உள்ளே போனால் விளக்குப் போடும்போது சரியாக அங்கே நிற்கலாம்.

இரண்டாம் நாள்: பதினாறு படிகள்

விடியலில் ஒரு கோவில் வேண்டும் என்பவர்கள் கைலாசன் கோவிலுக்குப் போகலாம். நகரின் விளிம்பில், சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் சந்நிதி. டாக்சியில் கொஞ்ச தூரம்தான். தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். அதே பக்கம் சேந்த் க்ருவாவில், விடுதலையான அடிமைகளுக்காக உழைத்த பிரெஞ்சுக்காரர் லவால் பாதிரியாரின் சமாதி இருக்கிறது. 1864 செப்டம்பர் 9 அன்று இறந்தவர். ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 8 இரவு தீவின் எல்லா மூலையிலிருந்தும் நடந்தே வருவார்கள். கிறிஸ்தவர் மட்டும் அல்ல, என் மாமியாரும்.

ஒன்பது மணிக்கு ஆப்ரவாசி காட் திறக்கும். அனுமதி இலவசம். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உள்ளே கொஞ்சம்தான் மிச்சம்: மருத்துவமனை வாசல், சமையற்கட்டு, கழிப்பறைகளின் அடித்தளம், கடலிலிருந்து ஏறிவரும் பதினாறு கல் படிகள். மீதியை நெடுஞ்சாலை விழுங்கிவிட்டது. 1849இல் இந்த இறங்குதுறை உருவானது. 1834இலிருந்து 1920 வரை இந்தத் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர். 2006இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. முதலில் விளக்கக் கூடத்தைப் பாருங்கள், படிகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வரிசை மாறினால் அவை வெறும் படிகளாகத்தான் தெரியும். ஒட்டினாற்போல் பழைய பிரெஞ்சு ராணுவ மருத்துவமனையில் அடிமை முறைக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டையும் ஒரே காலையில் பாருங்கள், ஒன்று இல்லாமல் மற்றொன்று அரைக் கதை.

உங்கள் குடும்பத்தில் யாரோ 'மிரிச் தேசம்' (மொரீஷியஸுக்கு அந்தக் காலத்துப் பேச்சுப் பெயர்) போனார், திரும்பவில்லை என்று ஒரு பேச்சு இருந்தால் இன்னொரு நாள் ஒதுக்குங்கள். வந்தவர்களின் பதிவேடுகளும் படங்களும் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. போகுமுன் அவர்களைத் தொடர்புகொள்ளுங்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். பெயரை மட்டும் நம்பாதீர்கள். எழுத்தர் காதில் விழுந்ததுதான் பதிவானது: ஆறுமுகம் 'ஆர்மூகும்', சுப்பிரமணியன் 'சூப்ரமான்யென்'. ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண் கொடுத்தார்கள். அந்த எண் கிடைத்தால்தான் தேடல் வேகமெடுக்கும்.

மதியம் சீனக் கடைத்தெருவில் நூடுல்ஸ். அசைவம் சாப்பிடாதவர்கள் 'சான் லாவியான், சான் புவாஸோன்' என்று சொல்லவேண்டும்: இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல். அப்படிச் சொன்னாலும் குழம்பு எதில் கொதித்தது என்பதற்கு நான் பொறுப்பில்லை. கறார் சைவர்கள் நேற்றைய தால் பூரிக்காரரிடமே போய்விடுங்கள். அதே ராயல் தெருவில் ஜும்மா மசூதி. தொழுகை நேரம் தவிர்த்து, கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

மூன்று மணிவாக்கில் சிட்டாடல் கோட்டை. 1834இல் ஆரம்பித்து 1840இல் முடித்த கருங்கல் கட்டடம், அடிலெய்ட் ராணி பெயரில். கோட்டைக்குள் பெரிதாக ஒன்றுமில்லை, ஏறுவது அங்கிருந்து பார்க்கத்தான். ஒரு பக்கம் துறைமுகம், பின்னால் கட்டைவிரலை நீட்டியதுபோல 812 மீட்டர் உயர லெ பூஸ் மலை, கீழே ஷான் தெ மார்ஸ் குதிரைப் பந்தயத் திடல். 1812இலிருந்து அங்கே பந்தயம் நடக்கிறது. 1968 மார்ச் 12 அன்று சுதந்திரக் கொடி ஏறியதும் அதே திடலில்தான். ஏறும் வழியில் ஆள் நடமாட்டம் குறைவு, தனியாகப் போகாதீர்கள். நாலரைக்கு இறங்கிவிட்டால் மெட்ரோவில் உட்கார இடம் கிடைக்கும். ஐந்துக்கு நின்றுகொண்டுதான்.

பணம், கடைசி நாள்

சந்தைக்கும் பஸ்ஸுக்கும் சிறு நோட்டுகள் தேவை. 2000 ரூபாயை நீட்டினால் தால் பூரிக்காரர் சிரிப்பார். நோட்டுகளைச் செலவழிக்குமுன் ஒருதரம் பாருங்கள்: ஆங்கிலம், தமிழ், இந்தி என்று மூன்று மொழி. 1998இல் வந்த புது நோட்டில் தமிழை மூன்றாவதாக இறக்கிவிட்டார்கள். தீவுத் தமிழர்கள் பெரிய எதிர்ப்புக் கிளப்பி, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்கள். 100 ரூபாயில் இருக்கும் முகம் ரெங்கநாதன் சீனிவாசன், வழக்கறிஞர், அரசியல்வாதி.

விமானத்துக்கு நான்கரை மணி நேரம் முன்பே கிளம்புங்கள், வார நாள் காலை என்றால் ஐந்து. மீந்த ரூபாயை விமான நிலையத்திலேயே மாற்றிவிடுங்கள், வெளிநாட்டில் இதை வாங்குகிறவர்கள் குறைவு. சித்தப்பா ஒரே ஒரு 100 ரூபாயை மட்டும் மாற்றவில்லை. அது கும்பகோணத்தில் சாமி அறைக் காலண்டருக்குப் பின்னால் இருக்கிறதாம்.